படி ஏழு

குருநகர் ஐஸ் ஆலையில்
அமோனியாக் குழாய்களுக்குப் பக்கத்துச் சுவரில்
பிளாஸ்ரிக் உறை போட்டு
ஆணி அடித்திருக்கிற தாள்
நான் தட்டச்சுச் செய்தது.
பதினான்கு படிகள்.
ஒரேயொரு முற்றுப்புள்ளி, அதுவும் கடைசியில்,
தேத்தண்ணி வந்துவிட்டதால்.

பொறியியலாளர் குகானந்தன் சொல்லச் சொல்ல அடித்தேன்.
"மூன்றாம் வால்வுக்கும் ஐந்தாம் வால்வுக்கும் இடையில்
அழுத்தம் ஏறினால்
அதை உடனே மூடவும்."
சொல்லும்போது வரைபடத்தில் விரலை ஊன்றியிருந்தார்.
நகத்தின் ஓரத்தில் கிறீஸ்.
எனக்கு விளங்கியது.
விரல் தாளில் ஏறவில்லை.

தாளைப் பார்த்து எல்லாரும் சிரித்தது வேறு இடங்களில்.
படி நான்கு: நட்டை மெதுவாக இழக்கவும்.
மரியசீலன் நட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து
"இழந்திட்டன் அக்கா, அடுத்தது என்ன?" என்றான்.
படி பதினொன்று: மேற்பார்வையாளருக்கு அறிக்கை அழிக்கவும்.
அதை வாசித்துச் சிரித்த மேற்பார்வையாளர்
அன்றைக்கு முழுவதும் நல்ல மனதோடு இருந்தார்.
ளகரமும் ழகரமும் இடம் மாறியதால்
ஒருவருக்கும் தோல் உரியவில்லை.
படி ஏழில் யாரும் நின்று பார்க்கவில்லை.
அதில் எழுத்துப் பிழை இல்லை.

சோளகம் எழும்பிய கிழமை, இரவு இரண்டு மணி.
துறையில் பதினெட்டு வள்ளங்கள் ஐஸுக்குக் காத்துக் கிடந்தன.
அழுத்தமானியின் முள் சிவப்புக்குப் போனதும்
புதிதாய் இரவு வேலைக்கு வந்தவன்
தாளை வாசித்தான். நல்லாக வாசிப்பான்,
பத்தாம் வகுப்பில் தமிழுக்கு ஏ எடுத்தவன்.
அதை மூடவும்.
முதலில் சொன்னது மூன்று.
மூன்றை மூடினான்.

மூக்கைப் பொத்திக்கொண்டு
அவனை வெளியே இழுத்து வந்தது மரியசீலன்.
வலது கை முழங்கைவரை வெந்துபோனதும்
மரியசீலனுக்குத்தான்.

விசாரணைக் குழு மூன்று முறை கூடியது.
அந்த அறிக்கையும் என்னிடம்தான் வந்தது.
"உரிய முறை பின்பற்றப்படாமை காரணமாக
காயம் ஏற்பட்டமை அவதானிக்கப்பட்டுள்ளது."
அடித்துவிட்டுத் திரும்ப வாசித்தேன்.
யார் பின்பற்றவில்லை? யார் அவதானித்தது?
அந்த வசனத்துக்குள் ஒரு மனுசரும் இல்லை.
காயம் மட்டும் தானாக நடந்துவந்து
கதிரை இழுத்துப் போட்டு இருந்தது.
நான் அதில் ஒரு கால்புள்ளி வைத்தேன்.
வேறொன்றும் செய்யவில்லை.

இது என்றால் என் கைக்குப் பக்கத்தில்.
அது என்றால் எங்கள் இருவருக்கும் தள்ளி.
உது என்றால் உன் பக்கத்தில், நீ தொடக்கூடிய தூரத்தில்.
சந்தையில் மீன் விலை கேட்கிற எவருக்கும்
இந்த மூன்றும் ஒருநாளும் பிசகாது.
"உதை விடுங்கோ, இதைத் தாங்கோ" என்று
கூடைக்குள் கையே விடாமல் வாங்கி வருவோம்.
தாளில் ஏறும்போது மட்டும்
எல்லாமே அது ஆகிவிடுகிறது.
எல்லாமே தள்ளி.

ஒரு மத்தியானம், ஆட்கள் சாப்பிடப் போன நேரம்,
மார்க்கர் கொண்டுபோனேன்.
'அதை' என்பதன் மேல்
'ஐந்தாம் வால்வை' என்று எழுதினேன்.
உறையில் மை பிடிக்கவில்லை.
ஆலையின் ஈரம் முத்து முத்தாய்ப் பூத்து
ஐந்தைக் கீழே இழுத்து
படி எட்டு வரைக்கும் ஒழுகவிட்டது.
தாவணித் தலைப்பு மாதிரி ஒரு நீலக் கோடு.

உறையைக் கிழித்தேன்.
ஆணி ஒன்று எங்கோ உருண்டு போனது;
அதைத்தான் உண்மையில் இழந்தேன்.
குமிழ்முனைப் பேனையால் தாளிலேயே
அழுத்தி எழுதிக்கொண்டிருக்கும்போது
பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது.

மரியசீலன். வேலைக்கு வந்து இரண்டாம் நாள்.
கட்டுப் போட்ட கை நெஞ்சோடு தொங்க
இடது கை விரலைத் தூக்கி
நான் இன்னும் போய்ச் சேராத வரியைக் காட்டினான்.
அதன் பின் அதைச் சிறிது திறந்து பார்க்கவும்.

"அக்கா," என்றான்,
"உது எது?"

எனக்குத் தெரியவில்லை.
குகானந்தன் இப்போது திருகோணமலையில்.
அன்றைக்கு அந்த வரியைச் சொல்லும்போது
அவருடைய விரல் எங்கே இருந்தது என்று
நிற்கிறேன், யோசித்தபடி,
பேனை மூடி வாயில்.