ஆற்றில் நிறுத்திய வண்டி

நிஸ்வா பல்கலைக்கழகத்துக்கு
நூற்று நாற்பத்து நான்கு கண்ணாடிக் குடுவைகள்.
மூன்று உடைசல்.
கையெழுத்துப் போட்ட மாணவன் முஹன்னத்
"இருந்து ஊர் பார்த்துட்டுப் போ" என்றான்.

இருந்தேன். கோட்டையின் வட்டக் கோபுரத்தில்
காற்று என் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டியது.
வெள்ளிக்கிழமைச் சந்தையில்
ஆடுகளை வளையமாக நடத்தி விலை கூவினார்கள்.
ஒன்று என்னை மட்டும் முறைத்தது.
அல்வா, குங்குமப்பூ போட்டது, ஒன்றரை ரியால்,
விரலில் ஒட்டியது மதியம்வரை போகவில்லை.

"ஆறு எங்கே?"
"உன் வண்டி நிற்கிறதே, அது."

கூழாங்கல். நசுங்கிய டப்பா. முந்நூறு கார்கள்.
இதற்கா இவ்வளவு பெரிய பாலம்?
நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

நாலு மணிக்கு மலைப்பக்கம் கறுத்தது.
ஊரில் ஒரு சொட்டு இல்லை, போலீஸ் விசில்தான்.
"வாதி வருன்னு!" என்று
ஹோட்டல்காரர் கோழிக்கோட்டுக் குரலில் கத்த
பாக்கெட் பாக்கெட்டாகச் சாவி தேடினேன்.

கரையேறித் திரும்பினால்,
காப்பி நிறத்தில், முதலில் ஒரு நாக்கு,
கல் கல்லாக விசாரித்துக்கொண்டு;
அப்புறம் விசாரணை எல்லாம் இல்லை.
என் டயர் தடம் போயிற்று.
யாருடையதோ ஒரு நீல நாற்காலி
உட்கார்ந்த வாக்கிலேயே போயிற்று.

பாலத்தில் கைபேசிகள் உயர்ந்திருக்க
முஹன்னத் மட்டும் ஒரு கயிற்றை இறக்கினான்.
நுனியில் நான் கொண்டுவந்த குடுவை.
நீரியல் படிக்கிறானாம், இப்போதுதான் சொல்கிறான்.

முழுக்கச் சேறு.
"அசைக்காமல் பிடி, தெளியும்."

மஸ்கட் போய்ச் சேர ஒன்பதாகிவிடும்.
பிடித்துக்கொண்டு நின்றேன்.