நூற்று இருபத்தெட்டு டிகிரி

பாடாங் செராய் சாலையில்
இரவு பத்துக்கு மேல்தான் எங்களுக்கு விடியும்.
கூம்புகளை நட்டு விளக்கைத் தூக்கி நிறுத்தியதும்
சுரண்டும் இயந்திரம்
பழைய தாரை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு
மென்றுகொண்டே நகரும்.
துகளில் சோடா மூடி,
ஒற்றைச் செருப்பின் வார்,
வளைந்துபோன ஒரு சாவி.
சாவியை மட்டும் சொஹேல்
துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
எந்தப் பூட்டுக்கு என்றேன்.
சிரித்தான்.

எதையும் வீணாக்காதே என்கிறது ஒப்பந்தத் தாள்.
சுரண்டியது ஆலைக்குத் திரும்பிப் போகும்.
புதுத் தாரோடு மறுபடி வேகும்,
கூடவே டயர்ப் பொடி.

டயருக்கு எங்கே போவது?
பரஞ்சோதி கடைக்குப் பின்னால்
மழைத்தண்ணீர் குடித்துக் கிடந்த நானூறு டயரில்
கொசுப்புழு நெளிவதைக் கண்டு
ஐந்நூறு ரிங்கிட் அபராதம் எழுதிப் போனார்
சுகாதார அதிகாரி.
அடுத்த வாரமே அத்தனையும் லோரி ஏறின.
"நான் காசு கொடுத்துத் தள்ளிவிட்ட சரக்கை
ரோட்டுக்காரன் காசு கொடுத்து வாங்குறானா?"
தே தாரிக் ஆடை கட்டும்வரை திட்டினார்.

ரப்பர் என்றதும்
ஆளாளுக்குப் பால்மரத்தை இழுத்து வருகிறார்கள்.
இதில் கரி இருக்கிறது, கந்தகம் இருக்கிறது,
எங்கோ ஓர் எண்ணெய்க் கிணறும் இருக்கிறது.
மூக்கை வைத்துப் பாருங்கள்,
ஒரு மரமும் வராது.

என் வேலை சின்னது.
லோரி வந்ததும் ஏணியில் ஏறி
முழ நீளக் கம்பியைக் கலவைக்குள் செருகி
எண் அசையாமல் நிற்கும்வரை நானும் நிற்பது.
நூற்று அறுபது என்றால் கொட்டு.
நூற்று நாற்பத்தைந்துக்குக் கீழே என்றால் திருப்பு.
இடையில் வந்தால்
யார் முகத்தையும் பார்க்காமல் எழுது.

செவ்வாய்க்கிழமை மழை.
ஏழாவது லோரி வெள்ளத்தில் மாட்டி
ஒன்றரை மணி நேரம் தாமதம்,
மேலே போர்த்திய தார்ப்பாயில் கிழிசல் வேறு.
கம்பி சொன்னது: நூற்று இருபத்தெட்டு.
இடம் மாற்றிச் செருகினேன்.
நூற்று இருபத்தெட்டு.
"பதினெட்டு டன், புனிதா,"
என்றார் ஆ சியோங். அவ்வளவுதான் சொன்னார்.
நான் 'நிராகரிப்பு' என்று எழுதினேன்.
பேனா மை மழையில் கரைந்தது,
அதன்மேலேயே இன்னொரு முறை எழுதினேன்.

ஓட்டுநர் ஃபட்சில் எங்கே கொட்டினான் என்று
நான் கேட்கவில்லை.
விடிந்ததும் ஊரே சொன்னது.

இரண்டாம் டிவிஷன் வீடுகளுக்குப் போகும் சந்து.
தோட்டம் விற்றுப் பதினாறு வருஷம்.
பள்ளத்தை யார் மூடுவது என்றால்
நகராண்மை தோட்டத்தைக் கைகாட்டும்,
தோட்டம் நகராண்மையைக் கைகாட்டும்.
அந்த இருட்டில்
மண்வெட்டி, பலகை, கதவு நிலை,
கையில் கிடைத்ததைக் கொண்டு பரப்பியிருக்கிறார்கள்.
அமுக்குவதற்குப் பரஞ்சோதியின் லோரி.

பாடம் தெரிந்தவள் நான்,
இந்தக் கலவைமேல் டயர் உருளை ஓட்டக்கூடாது.
டயரைக் கண்டால் டயர் ஒட்டிக்கொள்ளும்,
சொந்தம் லேசில் விடாது.
எஃகு உருளை வேண்டும், சோப்புத் தண்ணீர் வேண்டும்.
சந்தில் எஃகு ஏது?
லோரிச் சக்கரம் பிய்த்தெடுத்த இடமெல்லாம்
அம்மைத் தழும்பு.

பதிவேட்டில் 'கழிவிடத்தில் கொட்டப்பட்டது'.
ஃபட்சில் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு
அந்தப் பக்கம் போனேன்.
கம்பியை எடுத்துப் போகவில்லை.
பள்ளி வேன் இப்போது உள்ளே வருகிறதாம்,
கட்டணம் மட்டும் குறையவில்லையாம்.
திருப்பத்தில் லோரி நின்ற இடத்தில்
டயர்த் தடம் அப்படியே இறுகிக் கிடந்தது,
பூ பூவாக, வரி வரியாக,
எந்தக் கம்பெனி என்றுகூடப் படிக்கலாம்.
நேற்றைய மழை அதில் தேங்கியிருந்தது.

குந்தி உட்கார்ந்து பார்த்தேன்.
இன்னும் புழு இல்லை.