மூன்றரை அறை

வாடகை ஒப்பந்தத்தில் மூன்றரை அறை என்று இருக்கிறது.
ஐந்து வருடமாக அந்த அரைக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம்.
அது எங்கே என்று நாங்கள் கேட்டதில்லை.

அக்சிகா கேட்டாள்.
ஏழு வயது. பின்னக் கணக்கு இன்னும் படிப்பிக்கவில்லை.
பள்ளிக்கூட அடிமட்டத்தோடு
குசினியை அளந்தாள், நடையை அளந்தாள்,
சப்பாத்து அலுமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.
வரப்போகிற பிள்ளைக்கு அந்த அறைதான் என்றால்
கதவு எந்தப் பக்கம் என்றாவது
யாருக்கும் தெரியவேண்டாமா?

குகதாசனுக்கு இரவு வேலை.
லாங்கெந்தாலுக்கு வெளியே சீஸ் பொதி செய்கிற தொழிற்சாலை.
முதல் மூன்று மாதம் அந்த மணம் வயிற்றைப் புரட்டியது.
வாசலிலேயே குளித்துவிட்டு உள்ளே வா என்றேன்.
வாசலில் குழாய் இல்லை என்றான்
நித்திரை தூங்கியபடி, மிகவும் பொறுமையாக.

நிலவறையிலிருந்து தொட்டிலைக் கொண்டுவந்தான்.
சட்டங்கள் எல்லாம் இருந்தன,
எட்டுத் திருகாணியில் ஒன்று இல்லை.
கழற்றிய அன்று ஒரு கோப்பையில் போட்டுவைத்தது நான்தான்.
இனி வேண்டும் என்றும் சொல்லவில்லை அப்போது,
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
கோப்பை இருக்கிறது.
பிடி உடைந்து, பல்துலக்கிகளைத் தாங்கிக்கொண்டு.

இந்தக் கட்டடத்தில் எட்டு வீடு, ஒரு துவைப்பறை.
சுவரில் பட்டியல் தொங்குகிறது.
எங்களுக்கு இரண்டு கிழமைக்கு ஒரு செவ்வாய்,
காலை ஏழிலிருந்து இரவு எட்டு வரை.
மருத்துவச்சி வட்டமிட்ட தேதியும்
அதே செவ்வாய்.
பிள்ளையை ஒருநாள் பொறுக்கச் சொல் என்றான் குகன்.
அவனுக்கு அது பகிடி.
நான் இரவு முழுக்க
அழுக்குத் துணிகளை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாம் மாடியில் ஸ்பிண்டன் அம்மா.
பத்து நிமிடம் பிந்திப்போன என் துவாய்களை
ஒருமுறை கூடையில் வாரி எங்கள் கதவடியில் வைத்தவர்,
மடித்து.
ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.
அந்த மடிப்பு இன்னும் சுடுகிறது.

போன கிழமை பட்டியலில் ஒரு மாற்றம்.
வியாழக்கிழமைகளில் அவருடைய பெயர் வெட்டியிருந்தது
அடிமட்டம் வைத்து, பென்சிலால், நேர்கோடாக.
மேலே எங்கள் பெயர்,
நகரசபைக் கடிதங்களிலும் ஓரெழுத்தாவது பிழைக்கிற
எங்கள் நீளப் பெயர்,
ஒன்றும் தவறாமல்.

விசாரித்தேன். அக்சிகா ஒளிக்கவில்லை.
தனியாக மூன்றாம் மாடிக்கு ஏறிப் போய்
அவருடைய பேச்சிலேயே கேட்டிருக்கிறாள்:
எங்கட பிள்ளை செவ்வாயில் பிறந்தால்
உங்களுக்குப் பரவாயில்லையா?

நேற்று சூரிச்சிலிருந்து மைத்துனி அனுப்பிய பொதி வந்தது.
சிவப்பு வெல்வெட் பெட்டியில் ஒரு வெள்ளி அரைஞாண்,
அக்சிகாவின் மணிக்கட்டைச் சுற்றவே போதும் போல.
இதற்கு ஏன் அரைஞாண் என்று பெயர்?
இடுப்பில் கட்டுகிறதால்.
இடுப்பு என்றால் இடுப்பு. அரை என்றால்?
அதுவும் இடுப்புத்தான்.
அப்ப பாதி?
அதுவும் அரைதான், கண்ணே.

கொஞ்ச நேரம் பேசவில்லை.
பெட்டியை மூடினாள், திறந்தாள், மூடினாள்.
பிறகு ஓடிப்போய் அடிமட்டத்தோடு வந்து
என் சட்டையை உயர்த்தினாள்.
முப்பது சென்ரிமீற்றர் போதவில்லை.
விரலை அடையாளம் வைத்து
நகர்த்தி நகர்த்தி அளந்தாள்.
பிளாஸ்டிக்கின் குளிர்.
உள்ளேயிருந்து யாரோ காலை நீட்ட
அடிமட்டம் ஒருபக்கம் எழும்பிச் சரிந்தது.

அறை இங்கதான் இருக்கு என்றாள்,
எனக்கல்ல, அறைக்குள் இருந்தவருக்கும் அல்ல,
அளவு குறிக்கிற கொப்பியைப் பார்த்து.
கதவைப் பற்றிக் கேட்பாளோ என்று பயந்தேன்.
கேட்கவில்லை.

அப்பாவிடம் சொல்ல ஓடினாள்.
பகலில் தூங்குகிறவரை எழுப்பக்கூடாது என்பது
இந்த வீட்டில் எழுதாத சட்டம்.
நான் சட்டையை இறக்கிவிட்டு
அப்படியே இருந்தேன்.
கதவு திறக்கிற சத்தம் கேட்டது.