நாலு கிலோ

எங்கள் ஊருக்குச் சாலை கிடையாது.
லாப்ரடார் கரையில் கடல் உறைந்தால் பனிவண்டி,
இளகினால் படகு,
இரண்டும் ஓடாத நடுவாந்தர மாதங்களில்
இந்தச் சரளைத் தரையும் நானும்.

சீட்டு கிழிப்பவள் நான்.
ஓடுதளத்தில் நரி படுத்திருந்தால் விரட்டுவதும் நானே.
காற்றுப்பை எந்தப் பக்கம் சாய்கிறது என்று
ரேடியோவில் சொல்லிவிட்டு
கழிவறை கழுவப் போவேன்.
எல்லாவற்றுக்கும் முன்னால் எடை.
சின்ன விமானம்.
நிறுத்தாமல் யாரையும் அனுப்புவதில்லை.

மூடிப்போன மீன் ஆலையிலிருந்து வந்த தராசு.
முள் நடுங்கி நடுங்கித்தான் நிற்கும்.
ஈர நாளில் இன்னும் மீன் வாடை அடிக்கும்.

ஊர் ரகசியம் எனக்குக் கிலோவில் தெரியும்.
ஜூலியானா தாயாகப் போவது
அவள் அம்மாவுக்கு முன்பே எனக்குத் தெரியும்.
ஹாக்கி ஆடப் போன பையன்கள்
தோற்றுத் திரும்பினார்கள்,
ஆளுக்கு இரண்டு கிலோ கூடி.
பாதிரியார் தன் எடையைக் குறைத்தே சொல்வார்,
சொன்ன பிறகு தராசைப் பார்க்க மாட்டார்.
நான் எதுவும் கேட்பதில்லை. எழுதிக்கொள்வேன்.

ரெனாட்டஸ் மூன்று வாரத்துக்கு ஒருமுறை
கூஸ் பே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்.
ஏப்ரலில் எண்பத்தொன்று.
மே மாதம் எழுபத்தாறு.
ஜூனிலும் எழுபத்தாறு.
பின்னால் நின்ற ஜெருஷா முள்ளை எட்டிப் பார்த்து
"குறையலை பார்" என்றாள்.
தலையாட்டினார்.
அவள் பெட்டியை எடுக்கத் திரும்பியதும்
கோட்டுப் பைகளிலிருந்து ஈயக்குண்டுகளை எடுத்து
என் மேஜையில் வைத்தார்,
ஒன்றோடொன்று இடிக்காமல்,
முட்டை வைப்பதுபோல.
வலையின் அடிக்கயிற்றில் கோக்கிற குண்டுகள்.
நாலு கிலோ.

எழுபத்தாறை அடித்து எழுபத்திரண்டு என்று எழுதினேன்.
விமானத்திடம் பொய் சொல்ல முடியாது.
மிச்ச நாலு கிலோவுக்கு
திங்கள் முதல் காத்துக் கிடந்த
யாரோ ஒருவரின் பூட்ஸ் பார்சலை ஏற்றினேன்.

ஜூலையில் அவர் கேட்கவேயில்லை.
வெளியே ஜெருஷா வண்டியை அணைப்பதற்குள்
இழுப்பறையைத் திறந்து கொடுத்தேன்.
நாலு போதவில்லை.
ஸ்டேப்ளரைக் கொடுத்தேன்.
பிறகு, கதவுக்கு முட்டுக்கொடுக்கிற கல்லை.
சிரித்தார். பற்கள் முகத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தன.
ஏறும்முன் எல்லாம் திரும்பி வந்தன, கல் உட்பட.

மறுநாள் மூடுபனி. விமானம் இல்லை.
காலி வாளியோடு ஜெருஷா வந்தாள்.
"மீன் ஏற ஆரம்பிச்சாச்சு, ஹுல்டா.
என் வலை இறங்க மாட்டேங்குது, மிதக்குது.
அந்தக் குண்டெல்லாம் கொடு."

எந்தக் குண்டு என்று கேட்க வாயெடுத்தேன்.
அவள் கண் இழுப்பறையில் இருந்தது.

ஒவ்வொன்றாய் எண்ணி வாளியில் போட்டேன்.
அவளும் எண்ணினாள், உதடு அசையாமல்.
போகிறவள் வாசலில் நின்றாள்,
கதவைக் காலால் தாங்கிக்கொண்டு.

"மறுபடி என்னைக்கு அவர் போகணும்?"

"இருபத்தொன்பது. வெள்ளி."

"வியாழன் ராத்திரியே கொண்டுவந்து வச்சிடறேன்.
நல்லா கழுவித்தான்.
மீன் வாடை இருந்தா கண்டுபிடிச்சிடுவார்."