ஐந்தாவது ஓட்டை

ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள்
எட்மன்டனிலிருந்து குரல்செய்தி வந்துவிடும்.
"டெர்மினல் துடைச்சீங்களா?
டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள ஈரம் போயிடப்போகுது."
நலமா என்று கேட்பதில்லை அமலதாஸ்.
நாற்பத்திரண்டாயிரத்துக்கு என்னிடம் விட்டுப்போன
தொண்ணூற்றேழாம் வருட மாருதி எண்ணூறைத்தான்
நலம் விசாரிக்கிறார்.

ஞாயிறு. மடிப்பாக்கம்.
வேண்டுமென்றே அடிப்பதுபோல் வெயில்.
பேட்டரி முனையில் பச்சையாய்ப் பூத்திருந்ததை
வெந்நீர் ஊற்றிக் கரைத்தேன்.
பழைய டூத்பிரஷ். ஒரு விரல் வாசலின்.
வைப்பர் ரப்பரை நீவிப் பார்த்தேன்,
பாதி கையோடு வந்துவிட்டது.
கண்ணாடிக்கு உள்பக்கம் வெட்டிய உருளைக்கிழங்கு
(மீதியைக் குழம்பில் போடவில்லை, சத்தியம்).
கார்ப்பெட்டைத் தூக்கினால்
தகரத்தில் ஐந்து ஓட்டை,
நான்குக்குத்தான் ரப்பர் மூடி.
அடியில், துருவோடு துருவாகிவிட்ட நாலணா,
தாம்பரம் – கடற்கரை ரயில் சீட்டு,
ஒரு குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ்.
சாக்ஸை வருடாவருடம் எடுத்து
உதறி
அங்கேயே வைக்கிறேன்.
அவரிடம் கேட்டதில்லை.

டில்லிபாபு கிளட்ச் கேபிளை மாற்றிக்கொண்டே பேசினான்:
"ஹேண்ட்பிரேக் போட்டு உடாதக்கா, ஈரத்துல புட்ச்சிக்கும்.
கியர்ல போட்டு ஒரு செங்கல்ல அண்ட குடு.
தண்ணில எறங்கிட்டியா, ஃபர்ஸ்ட்லயே போ,
எவன் ஹாரன் அட்ச்சாலும் கால எடுக்காத,
எடுத்த, சைலன்சர் குட்ச்சிரும்.
நின்னுட்டா மட்டும்
சாவியத் தொடவேணாங்க்கா. எறங்கி வந்துருங்க."
அந்தக் கடைசி வாக்கியத்துக்கு மட்டும்
எங்கிருந்தோ ஒரு மரியாதை,
சாவுவீட்டில் பேசுவதுபோல்.
ஐந்தாவது ஓட்டைக்கு சைஸ் இல்லை.
சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி ஒட்டினான்.

சிவப்பு எச்சரிக்கை வந்தது.
பள்ளிக்கூடம் லீவு.
ஊரோடு ஊராக நானும்
வேளச்சேரி மேம்பாலத்து ஓரத்தில் நிறுத்தினேன்.
முகூர்த்த நாள் மண்டப வாசல்போல்
நூறு வண்டி, மாப்பிள்ளை மட்டும் இல்லை.
இரவு அமலதாஸ் ஒரு படம் அனுப்பினார்:
வெள்ளையாய் ஒரு மேடு, அதற்குள் கார்.
"மைனஸ் பதினாலு. ராத்திரி பூரா கரன்ட்ல சொருகி வச்சாத்தான்
காலைல எழுந்திருக்கும்.
கியரெல்லாம் வண்டியே பாத்துக்கும்.
என் இடது காலுக்கு ஆறு வருஷமா வேலையே இல்ல."

விடிந்தது. கண்ணைக் குத்தும் வெயில்.
யாரோ பானெட்டில் பனியன் காயப்போட்டிருந்தார்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
வீட்டுக்கு ஓட்டிப்போனோம்.

எட்டு நாள் கழித்து வந்தது மழை.
யாருக்கும் சொல்லாமல், ஒரு செவ்வாய்க்கிழமை,
நான் லேபைப் பூட்டுகிற நேரம்.
கைவேலியில் சாலை எது ஏரி எது
என்று ஏரிக்கே தெரியவில்லை.
ஃபர்ஸ்ட். பாதி கிளட்ச்.
ஒரே சுருதியில் அலறுகிறது எண்ணூறு,
நானும் வாய்விட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
பக்கத்தில் ஒரு புது வெள்ளைக் கார்,
எல்லா விளக்கும் எரிய நின்றுபோனது.
உள்ளே இருந்தவர் திரையைத்
தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்.
பாவப்படவும் நேரமில்லை.
சைக்கிள் ட்யூப் விட்டுக்கொண்டது.
செருப்புக்குள், விரலிடுக்கில், கணுக்காலில்
ஏறுகிறது தண்ணீர்.
எடுக்க முடியாது அந்தக் காலை.
பாதியில் நிற்கிறது அது,
பாதியிலேயே நிற்கவேண்டும்,
வெடவெடவென்று,
பெட்ரோல் பங்க் வரை,
மேடு வரும் வரை.

வீடு. கியரில் போட்டேன். செங்கல் வைத்தேன்.
"கிளட்ச் நல்லா புடிக்குது" என்று மட்டும் அனுப்பினேன்.
அங்கே காலை போலிருக்கிறது,
நீல டிக் உடனே விழுந்தது.
பதில் இல்லை.
டார்ச் அடித்துத் தண்ணீரை மொண்டு ஊற்றினேன்.
சாக்ஸும் நனைந்திருந்தது.
பிழிந்து
கியர் குமிழில் மாட்டி வைத்தேன்.
அளவு சரியாக இருந்தது.