மென் எல்லை

ஔலு நகரில் நவம்பர்.
மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
நான்காம் மாடியில் ஏரிக்கா
ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.
மென் எல்லை.

யாரோ நல்ல மனதோடுதான் வைத்திருப்பார்கள் அந்தப் பெயரை.
தாண்டலாம், ஆனால் தாண்டாதே என்றா?
தாண்டினால் மெதுவாக அடிப்போம் என்றா?
இதற்குக் கீழே உன்னைத் தொடவே மாட்டோம் என்ற வாக்கா?
கையேட்டில் மூன்றுக்கும் இடமிருந்தது.
கயானி ஆஸ்பத்திரி ஆய்வகத்தின் யூசோ
மூன்றாவதை நம்பினான்.
எட்டு ஜிபி என்று எழுதிவிட்டு
வீட்டுக்குப் போய்த் தூங்கினான்.

இரவு இரண்டு பத்துக்கு
காப்புப் பிரதி எடுக்கும் நிரல் பசியோடு எழுந்தது.
நினைவகம் தீர்ந்தது.
யாரையாவது கொன்றாக வேண்டும்.
கர்னல் பருத்தவனைத் தேடும்,
ரத்தப் பரிசோதனை வரிசையை வைத்திருந்த செயல்முறைதான்
பருத்துக் கிடந்தது.
பதிவேட்டில் ஒரே வரி:
கொல்லப்பட்டது, 4417.

மனிதர் யாரும் சாகவில்லை.
நாற்பத்தொரு பேருக்கு மறுபடி ஊசி குத்தினார்கள்.
அதில் ஒரு சிறுமி
காலணியைக் கழற்றி நர்ஸ் மேல் எறிந்தாளாம்.
யூசோவின் கடிதத்தில் அதுவும் இருந்தது.

"கையேட்டைத் திருத்தினால் போதாதா?" என்றான் தானேலி.
"இரண்டு பத்துக்கு யார் கையேடு படிக்கிறார்கள்?"

அவள் குடியிருப்பின் நிலவறையில்
துணி துவைக்கும் அறை.
சுவரில் பலகை, மணிக்கொரு கொக்கி.
செவ்வாய் ஏழு மணியில் சீர்வியோ அம்மாளின் பூட்டு.
அவர் வராவிட்டாலும் இயந்திரம் காலியாக நிற்கும்,
ஒருவரும் தொடமாட்டார்கள்.
எட்டு மணிக்காரர் பூட்டுவதில்லை,
பென்சிலால் எழுதுவார்:
அவசரமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.
இரண்டும் வாக்குதான்,
ஆனால் ஒரே வாக்கு அல்ல.
ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்க விளக்கு சிமிட்டும்.
ஒன்பதுக்கு மின்சாரம் நிற்கும்,
துணி நனைந்திருந்தாலும் சரி.

மென்மையை அழித்துவிட்டு
நான்கு கோப்புகள் வைத்தாள்.
குறைந்தபட்சம். கீழ். மேல். உச்சம்.
முதல் இரண்டும் காக்கும், பின் இரண்டும் நெரிக்கும்.
எல்லையே வேண்டாம் என்பவர்
இதுவரை பத்தொன்பது இலக்க எண்ணைப் பார்த்து
அதுதான் முடிவிலி என்று ஊகிக்க வேண்டியிருந்தது.
இனி "உச்சம்" என்ற சொல்லையே எழுதலாம்.

ஒன்று மட்டும் மூன்று வாரம் இழுத்தது.
உள்ளே பத்து ஜிபி தின்றுகொண்டிருக்கிறவனுக்கு
ஆறு என்று உச்சம் வைத்தால்?
"முடியாது என்று திருப்பி அனுப்பு" என்றான் தானேலி.
"அப்படியானால் தின்கிறவன் நிறுத்தும்வரை
கதவைச் சாத்தவே முடியாது."
கடைசியில் முடிவானது:
முதலில் பிடுங்கிப் பார்,
பிறகும் குறையாவிட்டால் கொல்.

விளக்கக் குறிப்பில் அவள் எழுதினாள்:
செயல்முறை கொல்லப்படலாம்.
தானேலி அதை
"பாதிக்கப்படலாம்" என்று மாற்றினான்.
அவள் மறுபடி மாற்றினாள்.
அவனும் மறுபடி.
பிறகு அவள் அந்த நாற்பத்தொன்று என்ற எண்ணை மட்டும்
அவனுக்கு அனுப்பினாள்.
பதில் வரவில்லை. வரி நின்றது.

செவ்வாய் ஏழே கால்.
கூடையோடு நிலவறைக்கு இறங்கினாள்.
கொக்கியில் பூட்டு.
இயந்திரம் திறந்த வாயோடு, காலியாக.
மேலே நான்கு மாடி.
மின்தூக்கி பழுது.