கீழே போடுபவன்

விழவைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன்.
குமி நகரத்தில், ஆலையின் நான்காம் கட்டடத்தில்
இடுப்புயரம், தோளுயரம், காதுயரம் என்று
மூன்று கோடு போட்ட கம்பத்திலிருந்து
ஒரு நாளைக்கு நானூறு முறை
எங்கள் போனை எங்கள் தரையில் போடுகிறேன்.
முதுகு அடிபட, முகம் குப்புற, மூலை குத்த.
பிறகு குனிந்து பொறுக்கி
எங்கே விட்டதென்று எழுதுகிறேன்.
எட்டு மணி நேரத்துக்கு இந்த உலகில்
என்னைப் போல் கைநழுவுகிறவன் இல்லை.

இப்பேர்ப்பட்டவன் வீட்டில்தான்
என் மகள் நாரே
எதிராளியின் போன் கேட்டாள்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது.
நான் பேட்டரியிலிருந்து தொடங்கினேன்.
பேனா இருக்கிறது, கடையில் காட்டினால் காசு போகிறது,
உள்ளே இறங்கி எதையும் மாற்றிக்கொள்ளலாம்,
அவர்களுடையது மதில் வைத்த தோட்டம்,
பூவைத் தொடவும் அனுமதிச் சீட்டு.
"அப்பா, தோட்டத்துக்குள்ளதான் எல்லாரும் இருக்காங்க"
என்றாள்.

துணைக்கு மியோங்ஹ்வா பக்கம் திரும்பினேன்.
தொடுகறிக் கடை வைத்திருக்கிறாள்.
வருகிற ஆர்டர் எல்லாவற்றையும்
பேசப் பேசவே போன் பதிந்துவைக்கும்.
"நாலு கிலோ முள்ளங்கி என்றுதான் சொன்னீர்கள்,
வேண்டுமானால் கேளுங்கள்."
ஒரு கல்யாண வீட்டுக்காரரை அப்படி மடக்கியதிலிருந்து
சாகும்வரை இந்தப் போன்தான் என்கிறவள்
அன்று மீனில் முள் எடுப்பதில் மும்முரமாக இருந்தாள்.

வகுப்பில் இருபத்தாறு பேர்.
இருபத்திரண்டு பேரிடம் அது.
படம் எடுத்த சூட்டோடு
கையிலிருந்து கைக்குத் தாவுமாம்.
நாரேயின் போனுக்கு மட்டும் தாவாதாம்.
இவளுக்கு ராத்திரி வரும், வேறு வழியாக,
நசுங்கி, மங்கி,
யாருக்காவது நினைவிருந்தால்.
இவள் போனுக்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள்:
பெருசுங்க போன்.

அந்தப் பெருசு நான்தான்.

கியோங்ஜு சுற்றுலாப் படங்களைக் காட்டினாள்.
அரசர்களின் கல்லறை மேடுகள், பச்சைப் பசேலென்று.
முன்னால் தோழிகள், விரல் மடக்கி.
நீ எங்கே என்றேன்.
"எடுத்ததே நான்தானே."
ஒவ்வொருத்தியும் தன் போனை இவளிடம் நீட்டியிருக்கிறாள்.
இவள் போனை யாரும் வாங்கவில்லை.

எந்த உயரத்திலிருந்து என்று தெரியவில்லை,
எனக்குள் ஒன்று மூலை குத்தி விழுந்தது.

இருபத்துநான்கு தவணை.
ஊழியர் தள்ளுபடி என்ற சொல்லைக்
கடைக்காரர் முன்னால் விழுங்கினேன்.
பெட்டியை ஜாக்கெட்டுக்குள் செருகி,
கீழ்த்தளத்து சூப்பர்வைசர் பாங் கும்பிட்டதற்கு
ஒரு கையால் பதில் கும்பிட்டு
திருட்டுச் சரக்கோடு லிஃப்டில் ஏறினேன்.

பத்தொன்பதாம் நாள் பள்ளிப் படிக்கட்டில் விழுந்தது.
கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அழவில்லை.
வலது மேல் மூலை. கண்ணாடியில் மூன்று கிளை.
இரண்டாவது படியா என்றேன்.
மூன்றாவது என்றாள்.
வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்:
ஒரு கணம், அரைக் கணம்,
ஆலை முழுவதும் எனக்குள் கைதட்டியது.

"உங்களுதுன்னா உடைஞ்சிருக்காதாப்பா?"

எனக்கு எண்கள் தெரியும்.
நூற்றுக்கு எத்தனை, எந்த மூலை, எந்தச் சாய்வு.
வெளியே சொல்லமாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டுக்கொடுத்த எண்கள்.
"தரையைப் பொறுத்தது" என்றேன்.

விரிசலின் மேல் ஒட்டுநாடா ஒட்டிக் கொடுத்தேன்.
அவள் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில்
போனை உயர்த்தி, என் தோளை இழுத்து
உள்ளே நிறுத்திக்கொண்டாள்.
படத்தில் என் சட்டைப் பையில்
ஆலை அட்டை தலைகீழாகத் தொங்குகிறது.

எனக்கும் அனுப்பு என்றேன்.
ராத்திரிதான் வந்தது, வேறு வழியாக,
நசுங்கி, மங்கி.
சேமித்துவைத்தேன்.